நாற்பத்துமூன்றும் ஐம்பத்திரண்டும்

போர்வீரன் சிந்திக்கலாமா? பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படைத்தலைவர்களிற் பெரும்பாலோர் இவ்வினாவுக்குக் கூடாதென்றே விடை பகர்ந்திருப்பர். அக்காலத்துத் துப்பாக்கி நம்பத்தக்க கருவியன்று. நூறு யார் தூரத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து வீழ்த்துதல் பெரும்பாலும் தற்செயலே. ஆகவே சிப்பாய்களைத் தோளோடு தோள் உரச இரண்டு மூன்று வரிசைகளாக நிறுத்தி, முரசொலிக்கு ஏற்ப நடக்கச் செய்து, ஒரே கட்டளைக்கு ஒரே கணத்திற் சுடச் செய்தலே போர்முறையாக இருந்தது. வரிசை குலைந்தாற் படை குலையும். வரிசையைக் காத்தது பழக்கம். அப்பழக்கத்தைக் காத்தது சவுக்கு. நூற்றுக்கணக்கான கசையடிகள் ஒரு சிப்பாயின் முதுகில் விழுதல் அந்நாளைப் பிரித்தானியப் படையில் அதிசயமான செய்தியன்று.

இந்த ஏற்பாடு அமெரிக்கக் காடுகளிலே முதன்முதலாகத் தடுமாறியது. மரத்தின் பின்னே மறைந்து நின்று சுடுகிறவனுக்கு முன்னால் நேர்வரிசையும் முரசும் என்ன செய்யும்? பின்னர் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் தம் பிரதான அணிக்கு முன்னே சிதறி ஓடிச் சுடும் வீரர் கூட்டங்களை அனுப்பியபோது, தடுமாற்றம் ஐரோப்பாவுக்கும் வந்தது. விரைந்து நடந்து, மறைவிடம் தேடி, தானே குறி தெரிந்து, தானே நேரம் பார்த்துச் சுடக்கூடிய காலாள் வேண்டியிருந்தது. அத்தகையோரைக் கொண்ட அணிக்கே இலகு காலாட்படை என்று பெயர். அதனை ஆங்கில நாட்டிலே முறைப்படி உருவாக்கிய பெருமையில் முதற்பங்கு 52ஆம் படையணிக்கும், அடுத்த பங்கு 43ஆம் படையணிக்கும் உரியது.

இவ்விரண்டும் பிறக்கும்போது சாதாரணக் காலாட்படைகளே. முன்னது 1755இலும் பின்னது 1741இலும் திரட்டப்பட்டன. வேடிக்கை என்னவெனில், இரண்டுமே தொடக்கத்தில் 54ஆம் இலக்கத்தையே தாங்கியிருந்தன. மற்றப் படையணிகள் கலைக்கப்பட்ட காலங்களில் மேலேறித் தத்தம் நிலையான இலக்கத்தைப் பெற்றன. 43ஆம் அணி 1759இற் கியூபெக் நகரின் முன்னே வுல்ஃப் தளபதியின் கீழ் நின்றது. 52ஆம் அணி திப்பு சுல்தானுக்கு எதிரான மைசூர்ப் போரிற் பங்குபற்றியது. ஒல்லாந்தரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றுதற்காக 1796 பெப்ரவரியில் நீர்கொழும்பு வழியாக நடந்து வந்த சேனையிலும் அது இருந்தது. அன்று கொழும்புக் கோட்டை பெரும்போர் எதுவுமின்றியே பணிந்தது. அந்தச் சிப்பாய்களின் செஞ்சட்டைகளைக் கண்டவர் எவரும், இன்னும் ஏழாண்டுகளில் இவ்வணி ஒரு நாட்டுப் படையின் போக்கையே மாற்றப்போகிறதென்று கருதியிருக்க மாட்டார்.

மாற்றம் நிகழ்ந்த இடம் ஷோர்ன்கிளிஃப். இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ற் மாகாணத்துக் கடற்கரை மேட்டில் அமைந்த பாசறை அது. கடலுக்கு அப்பால் பூலோன் துறைமுகத்தைச் சுற்றி நெப்போலியனின் படையெடுப்புச் சேனை கூடிக்கொண்டிருந்தது. அங்கே 1803இல் தலைமை ஏற்றவர் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ஒருவரின் மைந்தரான சேர் ஜோன் மூர். அவருடைய சொந்த அணியாகிய 52 அவ்வாண்டு ஜனவரியிலும், 43 ஜூலையிலும் இலகு காலாட்படைகளாக்கப்பட்டன. பச்சை உடையணிந்த 95ஆம் துப்பாக்கி அணியும் அவற்றோடு பயின்றது.

மூர் செய்ததென்ன? கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் எவரும் ஊன்றி நோக்கவேண்டிய செயல் அது. அவர் பாடத்தை மாணாக்கனிடமிருந்து தொடங்கவில்லை; ஆசிரியனிடமிருந்து தொடங்கினார். பயிற்சியை நாள்தோறும் நடத்தி வந்தவர் 52ஆம் அணியின் லெப்டினன்ற் கேணல் கெனத் மக்கென்சி. அதிகாரிகள் தம் கடமையைத் தாமே முதலில் அறிதல் வேண்டுமென்பது அவருடைய கொள்கை. அதுவரை பயிற்சியைச் சார்ஜன்றிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நின்ற கனவான்கள், புதிதாய்ச் சேர்ந்த சிப்பாயோடு ஒரே வரிசையில் நின்று துப்பாக்கியைத் தூக்கவும் இறக்கவும் பழகினர். தன் கம்பனியிலுள்ளோரின் பெயரையும் குணத்தையும் அறியாத அதிகாரி அங்கே மதிப்புப் பெறவில்லை. குற்றம் நேர்ந்தபின் தண்டிப்பதிலும், நேராமற் காப்பதே அதிகாரியின் திறமை எனக் கொள்ளப்பட்டது. சவுக்கு முற்றாக ஒழியவில்லை, ஆயினும் அரிதாயிற்று.

சிப்பாய்க்குக் கற்பித்த வித்தையும் வேறு. இருவர் இருவராகச் சோடி சேர்ந்து அவர்கள் முன்னேறினர். ஒருவன் சுடும்போது மற்றவன் மருந்திட்டுக் காத்திருப்பான். இருவர் துப்பாக்கியும் ஒருங்கே வெறுமையாக இருத்தலாகாது. தோழனுடைய உயிர் தன் நிதானத்தில் தங்கியிருக்கிறதென்பதை இதனினும் எளிதாகக் கற்பிக்க வேறு வழி ஏது? முரசைச் சுமந்துகொண்டு புதருக்குள் ஓட முடியாது. ஆகவே ஊதுகொம்பு வந்தது. முன்னேறு, நில், பின்வாங்கு என்பனவெல்லாம் கொம்பின் ஒலிகளாயின. அவ்வூதுகொம்பே பின்னாளில் இவர்கள் தொப்பியின் சின்னமாயிற்று. பிற அணிகள் தோளிலே துப்பாக்கியைச் சாய்த்து நடக்க, இவர்கள் அதனைக் கையிலே தாழ்த்திப் பிடித்து விரைந்தனர். நிமிடத்துக்கு 140 காலடி என்ற வேகநடை இன்றளவும் இம்மரபினரின் அடையாளம்.

மூர் தம் பயிரின் முழு விளைவையும் காணவில்லை. ஸ்பெயின் நாட்டிலிருந்து பின்வாங்கிக் கொருன்னாத் துறைமுகத்தை அடைந்து, துரத்தி வந்த பிரெஞ்சுப் படையை எதிர்த்து நிறுத்திய அன்று, 1809 ஜனவரி 16ஆந் தேதி, பீரங்கிக் குண்டுபட்டு மாண்டார். அவருடைய அடக்கத்தைப் பற்றிச் சார்ல்ஸ் வுல்ஃப் என்னும் பாதிரியார் பாடிய செய்யுளைப் பழைய தலைமுறையினர் பலர் பள்ளியிலே மனனஞ் செய்திருப்பர். மூர் எத்தகைய ஆசிரியர் என்பதை அச்செய்யுள் சொல்லவில்லை.

அவருக்குப்பின் இவ்வணிகளைக் களத்தில் நடத்திய றொபேட் குறோஃபட் வேறு வார்ப்பு. கடுஞ்சினத்தர், அதே குளிர்காலத்தில் விகோத் துறைமுகத்தை நோக்கிப் பின்வாங்கும் வழியிலேயே சிப்பாய்களைக் கட்டிக் கசையடி கொடுப்பித்தவர். ஆயினும் மூரின் பயிற்சி பெற்ற கால்கள் அவருக்குக் கிடைத்தன. 1809 ஜூலையில் தலவேராப் போருக்கு உதவியாக, ஸ்பானிய வெயிலில், பாரச்சுமையோடு, ஒரு பகலும் ஓரிரவும் சிறிது நேரமுமாக 40 மைலுக்கு மேல் நடந்தனர். போர் முடிந்த மறுநாட் காலையிலேதான் போய்ச் சேர்ந்தனர் என்பது வேறு. வழியில் விழுந்தோர் மிகச் சிலரே.

இத்தகைய அணிகளின் வரலாற்றை எழுதுவோர் பலர் பாடஹோஸ் என்னும் ஊரை விரைந்து கடந்துவிடுவர். அங்ஙனம் கடத்தல் நேர்மையாகாது. 1812 ஏப்ரல் 6ஆந் தேதி இரவு, அந்த ஸ்பானியக் கோட்டையின் மதில் உடைப்புகளை நோக்கி 43உம் 52உம் அடங்கிய இலகு டிவிஷன் பாய்ந்தது. மீண்டும் மீண்டும் ஏறினர். மீண்டும் மீண்டும் வீழ்த்தப்பட்டனர். அவர்களும் நான்காம் டிவிஷனுமாக 2,000 பேருக்கு மேல் அவ்வுடைப்புகளின் முன்னே சாய்ந்தனர். நகரம் வேறிடத்தில் ஏணி வைத்து ஏறியோராற் பிடிபட்டது. அதன்பின் நடந்ததுதான் கொடுமை. எந்த ஸ்பானிய மக்களை விடுவிக்க வந்தனரோ, அம்மக்களின் வீடுகளைக் கொள்ளையிட்டும், பெண்களைக் கெடுத்தும், தடுத்தோரைக் கொன்றும் பிரித்தானியச் சிப்பாய்கள் ஏறத்தாழ மூன்று நாள் வெறியாடினர். இலகு டிவிஷனைச் சேர்ந்தோரும் அதில் நீங்கியிருக்கவில்லை. ஷோர்ன்கிளிஃபில் மூரின் கீழ்ப் பயின்று 43ஆம் அணியிற் பணியாற்றிய வில்லியம் நேப்பியர், பின்னர் அப்போரின் வரலாற்றை ஆறு தொகுதிகளாக எழுதியபோது, தம் தோழர்களின் வீரத்தைப் புகழ்ந்த அதே பேனாவால் இவ்விழிவையும் எழுதினார். சிந்திக்கப் பழக்கிய பயிற்சி, எதைச் சிந்திப்பதென்று பழக்கவில்லை போலும்.

மூன்றாண்டு கழிந்து, 1815 ஜூன் 18. வாட்டர்லூக் களத்தில் மாலை ஏழரை மணி அளவு. நெப்போலியன் இறுதிவரை ஒதுக்கி வைத்திருந்த அரசகாவற் படை மேட்டின்மீது ஏறி வருகிறது. அன்று 52ஆம் அணியில் ஏறக்குறைய ஆயிரம் பேர். அதன் தலைவர் ஜோன் கொல்போண், மூரிடம் செயலாளராக இருந்தவர். எதிரியின் பெரும்பிழம்பு தன் முன்னே குறுக்காகச் செல்வதைக் கண்டார். எவரும் அவருக்குக் கட்டளை இடவில்லை. மேலதிகாரியைத் தேடிக் கேட்கவும் அவகாசமில்லை. முழு அணியையும் ஒரு கதவு திறப்பதுபோல் இடப்புறம் சுழற்றி, வரிசையை விட்டு வெளியே கொண்டுவந்து, காவற்படையின் பக்கவாட்டை எதிர்நோக்க நிறுத்தினார். அதனால் அவருடைய சொந்த வலப்பக்கம் எதிரியின் குதிரைப்படைக்குத் திறந்து கிடந்தது. தவறியிருந்தால் அணி அழிந்திருக்கும். கேணலும் விசாரணை மன்றத்தில் நின்றிருப்பார். அணி சுட்டது, சுடப்பட்டது, சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தது, பின் துப்பாக்கி முனை ஈட்டியோடு பாய்ந்தது. காவற்படை குலைந்தது.

இவ்வெற்றி யாருக்கு உரியதென்ற வழக்கு நூறாண்டைக் கடந்தும் ஓயவில்லை. மேட்டின் உச்சியிலிருந்து காவற்படையின் முன்னணியை எதிர்த்தவர்கள் பிரித்தானிய முதலாம் காவலணியினர். வெலிங்டன் எழுதிய அறிக்கையில் அவர்களுக்குப் பாராட்டு இருந்தது. 52இன் பெயர் இல்லை. போர் நாளன்று பதினேழு வயதுச் சிறுவராக அணியின் கொடியை ஏந்தி நின்ற வில்லியம் லீக், பின் பாதிரியாராகி, 1866இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி நீதி கேட்டார். கொல்போண் தம் வாயாற் கேட்டவரல்லர். ஆயினும் அவரை மாசற்ற முனிவராகக் காட்டுதலும் பொருந்தாது. 1837, 1838ஆம் ஆண்டுகளிற் கனடாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது எரிந்த கிராமங்களின் நினைவாக, அங்குள்ள பிரெஞ்சு மொழியினர் அவருக்கு ‘கிழட்டுக் கொளுத்தி’ என்று பொருள்படப் பெயரிட்டனர்.

பேரரசின் கருவியாக இவ்வணிகள் சென்ற இடங்கள் பல. 1857 செப்டம்பர் 14இல் டில்லியின் காஷ்மீர் வாயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, உடன் சென்ற 52ஆம் அணியின் கொம்பூதி றொபேட் ஹோதோன் ஆரவாரத்தினூடே மூன்று முறை கொம்பூதித் தம் அணியை அழைத்து, விக்டோறியாச் சிலுவை பெற்றார். வெடிமருந்து மூட்டைகளைச் சுமந்து சென்றோருள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். அவ்வாயில் வழியாகப் புகுந்த படை நகர மக்கள்மீது நடத்திய படுகொலையையும் சேர்த்தே அக்கொம்பொலியை நினைத்தல் வேண்டும்.

1864 ஏப்ரல் 29இல் நியூசீலாந்தின் தவுரங்காவில் 43ஆம் அணிக்கு மறக்க முடியாத பாடம் ஒன்று கிடைத்தது. கேட் பா எனப்படும் மண்ணரணில் இருநூற்றுச் சொச்சம் மயோரி வீரர் இருந்தனர். அவர்களைச் சூழ்ந்தோர் ஏறத்தாழ 1,700 பேர். பீரங்கி மழைக்குப் பின் உட்புகுந்த 43ஆம் அணியினரும் கடற்படையினரும், நிலத்தடிக் குழிகளிற் பதுங்கியிருந்தோரின் துப்பாக்கிக்கு இரையாகிச் சிதறி ஓடினர். அணித் தலைவர் கேணல் பூத் படுகாயமுற்று இறந்தார். காயப்பட்டுக் கிடந்த பகைவருக்கு மயோரிகள் நீர் கொடுத்தனர். மறைவிடம், பொறுமை, குறிபார்த்த சூடு என்று மூர் கற்பித்தவற்றையெல்லாம் அன்று நன்கு கையாண்டவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் 21இல் தெ றங்கா என்னுமிடத்தில், அரண் கட்டி முடியுமுன் அவர்களைத் தாக்கிய படையில் 43ஆம் அணியும் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட மயோரிகள் அங்கு மடிந்தனர்.

1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இரு படையணிகளையும் ஒன்றாக்கி இலக்கங்களை ஒழித்தது. 1908 முதல் ஒக்ஸ்ஃபோட்சயர், பக்கிங்காம்சயர் இலகு காலாட்படை என்பது அதிகாரப் பெயர். ஆனால் முதலாம் பற்றாலியன் தன்னை 43 என்றும், இரண்டாம் பற்றாலியன் தன்னை 52 என்றுமே தொடர்ந்து சொல்லிவந்தன. 1914 நவம்பர் 11இல் ஈப்பர் நகருக்கு அண்மையில் பிரஷ்யக் காவற்படையைக் காட்டிலிருந்து விரட்டியது 52. குட் நகரில் முற்றுகைப்பட்டுப் பட்டினியால் 1916 ஏப்ரல் 29இற் சரணடைந்த சேனையில் இருந்தது 43; அங்குச் சிறைப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நாடு திரும்பவில்லை.

ஷோர்ன்கிளிஃப் பாடம் மிகத் தெளிவாக மீண்டும் ஒலித்தது 1944 ஜூன் 6ஆந் தேதி, நள்ளிரவு கடந்த பதினாறாவது நிமிடத்தில். நோமண்டியிற் கான் கால்வாய்மீதும் ஓண் ஆற்றின்மீதும் இருந்த இரு பாலங்களைச் சேதமின்றிக் கைப்பற்ற 52இன் வீரர் ஆறு கிளைடர்களில் இறக்கப்பட்டனர். கிளைடர் என்பது இயந்திரமில்லாத மர விமானம். ஒரு முறை விடுபட்டால் மீண்டும் மேலேற வழியில்லை. தலைவர் மேஜர் ஜோன் ஹோவாட், சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்தவர். இடையில் ஒக்ஸ்ஃபோட் நகரப் பொலிசிற் பணிபுரிந்தவர். எந்தக் கிளைடர் முதலில் இறங்கும், எது வழிதவறும் என்பதை எவராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு சிறுகுழுவும் மற்றெல்லாக் குழுக்களின் வேலையையும் செய்யும்படி, எக்ஸெற்றர் நகர்ப்புறத்துப் பாலங்களில் இரவு பகலாக ஒத்திகை நடத்தினார். ஒரு கிளைடர் பல மைல் தொலைவில் வேறோர் ஆற்றங்கரையிலே இறங்கிவிட்டது. மற்றவர்கள் காத்திருக்கவில்லை, கட்டளை கேட்கவுமில்லை. ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் இரு பாலங்களும் அவர்கள் கையில். கால்வாய்ப் பாலத்தின்மீது முதலில் ஓடிய லெப்டினன்ற் பிறதறிஜ் அங்கேயே வீழ்ந்தார்.

1958இல் அணியின் பெயர் பச்சைச் சட்டையினரின் முதலாம் அணி என்றாயிற்று. 1966இல் அது பிறவற்றோடு கலந்தது. 2007 முதல் றைபிள்ஸ் என்னும் பேரணியில் அடங்கியுள்ளது. ஒக்ஸ்ஃபோட்டுக்கு வடக்கேயுள்ள வுட்ஸ்ரொக் என்ற சிற்றூரில் 2014இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் பழைய பொருள்களைக் காத்து வருகிறது. அக்கால்வாய்ப் பாலத்தை 1994இல் அகற்றிப் புதிதொன்றை அமைத்தனர். குண்டுத் தழும்புகளோடு கூடிய பழைய இரும்புப் பாலம், அண்மையிலுள்ள நினைவுக்கூடத்தின் புல்வெளியிலே வைக்கப்பட்டிருக்கிறது.