'சுமார்' எவ்வளவு? கணக்கில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகள்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம பேசும்போது கணக்கைக் கொஞ்சம் முன்னபின்னதான் சொல்வோம். "ஒரு ஐநூறு ரூபா இருக்குமா?", "பத்துப் பதினஞ்சு பேர் வந்தாங்க", "ஆறு மணி வாக்குல வரேன்." நமக்குள்ள பேசிக்கிறதால இதில் சிக்கல் இல்லை. ஆனா பேங்க்குலயும், ஆர்டர் கொடுக்கிறவங்ககிட்டயும், போன்ல வரும் கடன் விளம்பரத்திலயும் இதே உத்தேசக் கணக்கு இங்கிலீஷ்ல வருது. அங்கே வார்த்தையைத் தவறாப் புரிஞ்சுக்கிட்டா பணம் நம்ம கையை விட்டுப் போகும்.

முதலில் 'அபவுட்', 'அரவுண்ட்', 'அப்ராக்ஸிமேட்லி'. மூணுக்கும் சுமார், ஏறக்குறைய என்றுதான் அர்த்தம். கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். "அரவுண்ட் 200 பை வேணும்" என்று ஒருத்தர் சொல்றார். நாம 200 பைக்குத் துணி வாங்கித் தெச்சு முடிச்ச பிறகு "160 போதும்" என்றால் மிச்சம் 40 நம்ம தலையில். அதனால் "மினிமம் எத்தனை கட்டாயம் எடுப்பீங்க?" என்று கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் துணி வாங்கணும்.

அடுத்தது 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி'. கிட்ட வந்தாச்சு, இன்னும் எட்டலை என்று அர்த்தம். "லோன் ஆல்மோஸ்ட் சேங்ஷன் ஆயிடுச்சு" என்றால், இன்னும் ஆகலை. அதை நம்பி தையல் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

மூணாவது 'அப் டு'. அதாவது 'வரை'. சுயஉதவிக் குழுவுக்கு 20 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்காமல் பேங்க் கடன் தரலாம். அது உச்சவரம்பு. நம்ம குழுவுக்கு எவ்வளவு என்பது நம்ம சேமிப்பு, திருப்பிக் கட்டிய விவரம், கணக்குப் புத்தகம் இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவாகும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் 'ஸ்டார்டிங் ஃப்ரம்'. "வட்டி ஸ்டார்டிங் ஃப்ரம் 12 சதவீதம்" என்றால் குறைந்தபட்சமே 12. நமக்கு 24 கூடப் போடலாம். ஒரு லட்சம் ரூபாயை 12 மாதத் தவணையில் கட்டினால், குறையும் அசல் மேல் வட்டி 12 சதவீதத்தில் சுமார் 6,600 ரூபாய். 24 சதவீதத்தில் சுமார் 13,500 ரூபாய். அதனால் "எனக்கு எத்தனை சதவீதம்? மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

இப்ப தேதிக்கு வருவோம். 'ஆன் ஆர் பிஃபோர் 5' என்றால் 5ஆம் தேதியோ அதுக்கு முன்னாடியோ. 'பை 5' என்றாலும் அதேதான், 5ஆம் தேதி தாண்டக் கூடாது. தவணையை அன்னைக்கு அக்கவுண்ட்ல இருந்து தானாப் பிடிப்பாங்க என்றால், 4ஆம் தேதியே பணம் அதில் இருக்கணும். '7 வொர்க்கிங் டேஸ்' என்றால் லீவு நாளைக் கழிச்சு எண்ணணும். ஞாயிறும், ரெண்டாம் நாலாம் சனியும் பேங்க் லீவு. அப்போ ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். 'டென்டேட்டிவ் டேட்' என்றால் மாறக்கூடிய தேதி. பயிற்சிக்கு அப்படி ஒரு தேதி சொன்னா, வேலைக்கு லீவு போடும் முன்னாடி உறுதியான தேதியைக் கேட்டுக்குங்க.

இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை இருக்கு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் பிணையில்லாமல் தரும் சிறுகடனுக்கு, 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புது விதிகள் நடைமுறையில் இருக்கு. வட்டி, கட்டணம் எல்லாத்தையும் விவரத் தாளில் எழுதித் தரணும். கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்கணும். முன்கூட்டியே கட்டி முடிச்சா அபராதம் போடக் கூடாது.

குழுவில் யாராவது வெளியே பேசிட்டு வந்து "அரவுண்ட்", "அப் டு" என்று சொன்னா, ஊக்குநரும் பிரதிநிதியும் அங்கேயே நிறுத்திக் கேளுங்க: "குறைஞ்சது எவ்வளவு? அதிகபட்சம் எவ்வளவு? எந்தத் தேதிக்குள்ள?" பதில் கிடைச்ச பிறகு தீர்மானப் புத்தகத்தில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்க. பதில் கிடைக்கலையா, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைங்க.