செம்பை சேர்த்த சொத்து

(எருத்தேன்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு பெரிய வித்வானைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். எந்த ஊர் என்பது ஒன்று. நன்றாகச் சம்பாதித்தாரா என்பது மற்றொன்று. செம்பை வைத்தியநாத பாகவதரைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தமிழக எல்லையை ஒட்டிய இந்த எருத்தேன்பதி பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரம். பாலக்காட்டைத் தாண்டி மேற்கே போனால் கோட்டாயிக்குப் பக்கத்தில் செம்பை கிராமம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று உங்கள் நேரத்தைக் கேட்கிறேன்.

1896-இல் பிறந்தவர். தந்தையார் அனந்த பாகவதர், தாயார் பார்வதி அம்மாள். பரம்பரையாகச் சங்கீதம் வந்த குடும்பம். முதல் பாடம் அப்பாவிடம்தான். 1904-இல், பூணூல் வயதில், சகோதரர் சுரேந்திரநாதனோடு சேர்ந்து ஒற்றப்பாலத்தில் கச்சேரி செய்தார். 1918-இல் சென்னைக்குப் போய்ப் பாடினார். அந்த நாளில் மைக் கிடையாது. பந்தலின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் தொண்டையில் பலம் இருக்க வேண்டும். அவருக்கு வாய்த்தது வெண்கலக் குரல். ஸ்ருதியிலிருந்து துளி விலகாத குரல். 'வாதாபி' என்று அவர் எடுத்தாலே சபை நிமிர்ந்து உட்காரும். மைசூர் சௌடய்யா வயலின், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், செம்பை பாட்டு என்றால் ரசிகர்களுக்கு அன்று திருவிழாதான். பக்கவாத்தியக்காரர் நன்றாக வாசித்தால் மேடையிலேயே வாய்விட்டுப் பாராட்டிவிடுவார். மற்றவர் புகழ் தம் புகழைக் குறைக்கும் என்ற பயம் அவருக்கு இருந்ததில்லை.

1951-இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. ஒரு பாடகருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறு வருஷமே குரல் போய்விட்டது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர். அரை நூற்றாண்டாகச் சோறு போட்ட தொழில். அவருடைய முதல் போடாத கடை அந்தத் தொண்டைதான். அது திடீரென்று மூடிக்கொண்டது.

வைத்தியம் நடந்தது, குருவாயூரப்பனிடம் பிரார்த்தனையும் நடந்தது. குரல் திரும்பி வந்தது. எதனால் வந்தது என்று வாதாடுவது நம் வேலை அல்ல. வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதே விஷயம். திரும்பக் கிடைத்த குரல் தம்முடையது இல்லை, குருவாயூரப்பன் கொடுத்து வைத்தது என்று எண்ணினார். கச்சேரியில் வந்த பணத்தைக் குருவாயூருக்கே சமர்ப்பித்தார். 1958-இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1973-இல் பத்ம பூஷணும் வந்தன. பெயர் வளர்ந்தது, பணம் மட்டும் சேரவில்லை, அவர் சேர்க்கவும் இல்லை.

அப்படியானால் சொத்து எங்கே? அவருடைய சிஷ்யர்களைப் பாருங்கள். டி.வி. கோபாலகிருஷ்ணன், பி. லீலா, ஜய-விஜய சகோதரர்கள், கே.ஜே. யேசுதாஸ். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸுக்குக் குருவாயூர் கோயிலுக்குள் போக அனுமதி இல்லை. அதே குருவாயூரப்பனுக்கு எல்லாவற்றையும் கொடுத்த பாகவதர், யேசுதாஸுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மேடையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாடினார். ஸந்தியாவந்தனமும் ஆசாரமும் குறையாத பாலக்காட்டு பிராமணர் அவர். வித்தையைக் கொடுப்பதில் மட்டும் கோத்திரம் கேட்கவில்லை.

1974 அக்டோபர் 16. ஒற்றப்பாலத்தில் பூழிக்குன்னு ஸ்ரீகிருஷ்ணன் கோயிலில் கச்சேரி. சிறுவயதில் அவர் பாட ஆரம்பித்த அதே ஊர். தமக்குப் பிடித்த 'கருணை செய்வான் எந்து தாமசம்' பாடலோடு முடித்தார். இரயிம்மன் தம்பி ஸ்ரீ ராகத்தில் அமைத்த அந்தப் பாடலை யதுகுலகாம்போதியில் பாடிப் பிரபலப்படுத்தியவரும் அவர்தான். கச்சேரி முடிந்த சற்று நேரத்தில் மாரடைப்பு, உயிர் பிரிந்தது.

குருவாயூர் ஏகாதசியை ஒட்டிப் பல்லாண்டு காலம் அவர் சிஷ்யர்களோடு நடத்திவந்த சங்கீத ஆராதனையை, அவர் காலத்துக்குப் பின் தேவஸ்வமே செம்பை சங்கீதோத்ஸவம் என்று எடுத்து நடத்துகிறது. வருஷந்தோறும் செம்பை கிராமத்து வீட்டிலிருந்து அவருடைய தம்புரா ஊர்வலமாகக் குருவாயூருக்குப் போகிறது. அதை மேடையில் வைத்து, ஏகாதசி வரையில் இரண்டு வாரத்துக்கு ஆயிரக்கணக்கானோர் பாடுகிறார்கள். அதில் பெரிய வித்வான்களும் உண்டு, முதன்முதலாக மேடை ஏறும் குழந்தைகளும் உண்டு. பாலக்காட்டிலுள்ள அரசு இசைக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதுதான் அவர் சேர்த்த சொத்து.

பம்பாய், டில்லி, சென்னை, பெங்களூர் என்று நம் அங்கத்தினர்கள் பரவிக் கிடக்கிறார்கள். எல்லாக் கிளைகளிலும் சாதனையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லதுதான். கூடவே ஒவ்வொரு கிளையும், சங்கீதம் கற்க வசதி இல்லாத ஒரு குழந்தைக்கு வருஷம் முழுவதும் சம்பளம் கட்டட்டும். அந்தக் குழந்தை நம் வீட்டுக் குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். இதில் சிலருக்கு மாற்றுக் கருத்து இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் பதில், செம்பை யாரை எல்லாம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார் என்பதே.