எத்தீம்களும் நமது இல்லங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்னரே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் அன்னை ஆமினா அப்வாவில் மறைந்தார்கள். எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபும் மறைந்தார்கள். அதன்பின் அரவணைத்தது பெரிய தந்தை அபூதாலிபின் இல்லம். அது செல்வம் கொழித்த இல்லமன்று. பிள்ளைகள் நிறைந்த, கையிருப்புக் குறைந்த இல்லம். அவ்வில்லத்தரசி பாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) தம் தாயாகவே மதித்தார்கள்.

இவ்வரலாற்றை மிம்பரில் பலமுறை கூறியிருக்கிறோம். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோரை இழந்த பேரனையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு நம் மஹல்லாவின் மூதாட்டி ஒருவர் வந்தபோது நாம் செய்தது என்ன? இருவரையும் எங்காவது சேர்த்துவிடுமாறு அவர் கேட்டார். நாமும் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பையன் ஓர் ஊர் விடுதியிலும், சிறுமி வேறோர் ஊர் விடுதியிலும் சேர்ந்தனர். நற்செயல் செய்தோம் என்றே எண்ணினோம். ரமளான் விடுமுறையில் வந்த சிறுமி, "அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான், ஹஜ்ரத்?" என்று கேட்டாள். நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள என்ன வேண்டும் என்று அம்மூதாட்டியிடம் நாம் அன்று கேட்கவேயில்லை. பின்னர் கேட்டோம். வீட்டு வாடகையும் அரிசியும்தான் என்றார். எத்தீம்கானாக்களைக் குறை கூறவில்லை. யாருமற்ற பிள்ளைக்கு அவை நிழல். பாட்டியோ, மாமியோ, சாச்சாவோ உள்ள பிள்ளையை அங்கே அனுப்புவது பெரும்பாலும் வறுமைதான்.

நாட்டின் சட்டமும் இதையே நோக்குகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 44ஆம் பிரிவு வளர்ப்புக் குடும்பத்தையும், 45ஆம் பிரிவு பொருளுதவியையும் பேசுகின்றன. கைம்பெண்ணின் பிள்ளைகளும், உறவினர் வீட்டில் வளரும் எத்தீம்களும் இவ்வுதவிக்கு உரியோர். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என வகுத்துள்ளனர். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அளிக்க வேண்டும். உறவல்லாத பிள்ளையை இரக்கத்தால் தாமாக அழைத்துச் சென்று வளர்ப்பது கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வேண்டும். ஆபத்திலுள்ள பிள்ளையைக் கண்டால் 1098.

இஸ்லாத்தில் தத்து இல்லையே எனச் சிலர் தயங்குகின்றனர். தடுக்கப்பட்டது வம்சத்தை மாற்றுவது, வளர்ப்பதன்று. ஜைது (ரலி) அவர்கள் முஹம்மதின் மகன் என அழைக்கப்பட்டு, இறைக்கட்டளை வந்தபின் ஹாரிஸாவின் மகன் ஜைது என்றே அழைக்கப்பட்டார்கள். நாயகத்தின் அன்பு குறையவில்லை. வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லையெனினும், சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வசிய்யத் செய்யலாம். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, நமது கஃபாலாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

ஜகாத் பற்றி ஒரு சொல்: எத்தீம் என்பதற்காக மட்டும் ஜகாத் சேராது, ஏழையாகவும் இருக்க வேண்டும். தந்தை விட்டுச்சென்ற நிலமோ நகையோ இருந்தால், அது பிள்ளையின் அமானிதம். கணக்கு எழுதி வையுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், அண்ணனும் தங்கையும் இக்கல்வியாண்டில் பாட்டியின் வீட்டுக்கே திரும்பிவிட்டனர். வாடகையை பைத்துல்மால் ஏற்றிருக்கிறது. அரசு உதவிக்கான மனு இன்னும் முடியவில்லை; தந்தையின் இறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை உள்ளது. இத்தகைய மனுக்கள் எழுதத் தெரிந்த இளைஞர்கள், வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் மதரஸா அறைக்கு வாருங்கள்.