சிலம்பு வந்தது, ஆள் வரவில்லை

2022இல் தொல்லியல் துறை இந்த வடக்குப்பட்டில் நடத்திய அகழாய்வைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் பொறுத்தருள்க. நான் எடுத்துக்கொண்டது நண்பர்கள் சிலரோடு எனக்கு நெடுநாளாக உள்ள வழக்கு. அவர்களும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

1. வழக்கு

கூட்டம் அடித்துக் கொல்வது ஏன் தவறு? தண்டிக்கும் உரிமை அரசுக்கே உண்டு, அதனால் தவறு என்பது அவர்கள் கட்சி. கேட்டு விசாரிக்காத தண்டனை யார் கொடுத்தாலும் கொலைதான் என்பது என் கட்சி.

2. கொலைக்களம்

சிலப்பதிகாரத்துப் பாண்டியனுக்குத் தண்டிக்கும் உரிமையில் குறையில்லை. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருக என்று நிபந்தனையோடுதான் ஆணையிடுகிறான். கோவலன் கையிலும் ஒரு சிலம்பு இருந்தது, அவன் மனைவி கண்ணகியுடையது. ஆனால் சிலம்பைக் கேட்ட அரசன் ஆளைக் கேட்கவில்லை.

அடுத்து நடப்பதை நாம் வேகமாகப் படித்துவிடுகிறோம். கோவலனைப் பார்த்த காவலர், இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்கிறார்கள். அவனைக் கள்வன் என்று காட்டிய பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் எட்டுத் துணைகளை விரிக்கிறான். எல்லாம் கள்வர் இயல்பு. கோவலன் திருடியதற்குச் சான்று ஒன்றுமில்லை. இளங்காவலன் ஒருவன், மழைக்கால நள்ளிரவில் ஒரு கள்வன் தன் வாளைப் பறித்த கதையைச் சொல்கிறான். அதுவும் வேறொருவன் செய்த திருட்டு. கடைசியில் வாளை வீசியவன் ஐயப்பட்டவன் அல்லன், கல்லாத குடியன் ஒருவன். அரசாணையோடு வந்த காவலர் நம் கண்முன்னே கும்பலாகிவிட்டார்கள். அவர்களுடைய அதிகாரம் போகவில்லை, ஐயம்தான் போயிற்று.

விசாரணைக்குக் காலம் பிடிக்கும் என்பார்கள் நண்பர்கள். கோவலன் இறந்தபின் கண்ணகி வழக்குரைத்த அவையில் எவ்வளவு பிடித்தது? தேவியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல். வரவழைத்த சிலம்பை உடைத்ததும் தீர்ந்தது. அதே சோதனையைக் கோவலனை நிறுத்திவைத்துச் செய்திருக்கலாம்.

3. அத்திமூர்

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் அடித்ததில் உயிரிழந்தார். அந்நாளில் வாட்ஸ்அப்பில் சுற்றியவையும் வேறு எவரோ செய்ததாகச் சொல்லப்பட்ட கதைகளே. நீதிமன்றம் தாமதித்தது என்ற சமாதானமும் இங்கே செல்லாது. தாமதிக்க வழக்கே இல்லை.

4. சீருடை

2019இல் ஹைதராபாத் அருகே கைதானவர்களைக் காவலர் சுட்டுக்கொன்ற என்கவுன்ட்டர், 2020இல் சாத்தான்குளத்துக் காவல் மரணங்கள். இரண்டிலும் கூட்டம் இல்லை, அரசின் ஆட்களே இருந்தார்கள். நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

5. சட்டம்

அரசே வாழ்வையோ விடுதலையையோ பறித்தாலும் அந்த நடைமுறை நியாயமாக இருக்கவேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கும்பல் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி, ஆறு மாதத்தில் முடியும் விரைவு விசாரணை என்பவை அதே நீதிமன்றத்தின் பூனாவாலா தீர்ப்பின் (2018) நெறிமுறைகள். விரித்துரைக்க நேரமில்லை.

6. இனிச் செய்யவேண்டியவை

தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து இனம், சாதி, மொழி போன்ற காரணங்களுக்காகச் செய்யும் கொலையைத் தனியே சொல்கிறது. வெறும் வதந்தியால் நடப்பது அதில் அடங்குமா? சட்ட மாணவர் ஆராயலாம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது பக்கத்து ஒரகடத்தில் அவர்கள் தங்கும் வாடகை அறைகளில் யார் என்ன நம்பினார்கள் என்பதைத் தமிழ், இந்தி இரண்டும் தெரிந்தவர் தொகுக்கவேண்டும். பஞ்சாயத்துத் தீர்ப்புகளைப் பற்றித் தனி நூல் வேண்டும். கண்ணகி மதுரையை எரித்தது எந்தக் கணக்கில் சேரும் என்பதை அடுத்த ஆண்டுப் பேச்சாளருக்கு விட்டுவிடுகிறேன். அவர் முன்வரிசையில் இருந்து வந்தால் மகிழ்ச்சி.