"அப்பா என்ன பண்றார்?": முதலீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி

(சென்னையில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்ட தோழர் போனில் சொன்ன தலைப்பு, 'ஸ்டார்ட்அப்புக்கு முதலீடு திரட்டுவது எப்படி' என்பது. நான் இன்னும் திரட்டி முடிக்கவில்லை தம்பி, பாதி வழியில் நிற்கிறேன் என்றேன். "பரவாயில்லக்கா, பாதி வழி வரைக்கும் சொல்லுங்க" என்றார். அதனால்தான் வந்தேன். ஜெயித்தவர்கள் பேசும் மேடைகள் நிறைய இருக்கின்றன. அவர்கள் வழியில் பட்ட அடிகளை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனக்கு ஊர் பேரணாம்பட்டுப் பக்கம். அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் 26 வருடம் வேலை பார்த்தவர். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். நான் வேலூரில் அரசுக் கல்லூரியில் பொறியியல் படித்துவிட்டு, இங்கே ராஜீவ் காந்தி சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தேன். பிறகு கூடப் படித்த நண்பரோடு சேர்ந்து சொந்தமாக ஆரம்பித்தேன்.

என்ன தொழில் என்றால், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பெரிய ஷூ கம்பெனிகள் அப்பர் தையலைச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கும் வீடுகளுக்கும் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கும். எத்தனை ஜோடி கொடுத்தது, எத்தனை திரும்பி வந்தது, எத்தனை கழிவு என்று எல்லாமே சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். சனிக்கிழமை கூலி போடும்போது தகராறு. எங்கம்மா அந்த நோட்டைத் தன் கையால் புரட்டிப் பார்த்ததே இல்லை. எங்கள் மென்பொருள் அந்தக் கணக்கை போனுக்குக் கொண்டுவருகிறது. சூப்பர்வைசர் பார்க்கும் அதே எண்ணைத் தைக்கிற அக்காவும் பார்ப்பார். இன்றைக்கு 14 யூனிட்டுகள் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்துகின்றன.

இதை வளர்க்கப் பணம் வேண்டும். எங்கே போவது?

புத்தகங்களும் யூடியூப் வீடியோக்களும் முதல் படியாகச் சொல்வது 'ஃபிரண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி ரவுண்ட்'. அதாவது சொந்தக்காரர்கள், நண்பர்களிடம் முதலில் திரட்டு என்பது. என் கூட்டாளி வியாபாரக் குடும்பம். அவருடைய மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்து 15 லட்சத்துக்குக் காசோலை எழுதினார். எங்கள் வீட்டில் அம்மாவின் ஐந்து சவரனை அடகு வைத்தது, அண்ணன் பி.எஃப்.பில் எடுத்துக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம். மாமாவின் பணம் போனால் அவருக்குப் பேச ஒரு கதை கிடைக்கும். அம்மாவின் நகை போனால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும். ஆனால் முதலீட்டாளர் முன்னால் உட்கார்ந்து, "நீங்க சொந்தமா எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்கும்போது, அவர் எழுதிக்கொள்வது 2.1 என்ற எண்ணை மட்டும்தான்.

இரண்டாவது விஷயம் அறிமுகம். வங்கிக்குப் போனால் பிணை கேட்பான். அது நமக்குத் தெரிந்த விஷயம். வென்ச்சர் கேபிடல்காரர் பிணை கேட்கமாட்டார், அதுதான் அதன் பெருமை என்பார்கள். ஆரம்பக் கட்டக் கம்பெனியில் பார்க்க லாப நட்டக் கணக்கே இருக்காது. அப்போது அவர் பார்ப்பது ஆளை. எந்தக் கல்லூரி, முன்னால் எந்தக் கம்பெனி, யார் அனுப்பி வைத்தார்கள் என்பதை. தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. தெரிந்தவர் ஒரு வரி எழுதினால் மறுநாளே சந்திப்பு.

இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் ஏஜெண்டுகளை அனுப்பிய முறையைப் படித்துப் பாருங்கள். முதல் போடுபவர் ஊரில் இருப்பார். இளைஞர் ஒருவர் மூன்று வருட ஒப்பந்தத்தில் சம்பளத்தோடும் லாபத்தில் பங்கோடும் கப்பலேறுவார். ஊர் பேர் தெரியாத ஒருவனிடம் யாரும் அப்படிப் பணத்தைக் கொடுத்து அனுப்பவில்லை. கோயில், கல்யாண உறவு, ஊர்க்கட்டு எல்லாம் சேர்ந்துதான் அந்த நம்பிக்கை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே பிணையாக இருந்தது சாதி. இன்றைக்கு அந்த இடத்தில் ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. திராவிட இயக்கம் கொடுத்த கொடை அது. அந்த அருமை எனக்கு பெங்களூரில்தான் தெரிந்தது. ஒருவர் என் முழுப் பெயர் கேட்டார். சொன்னேன். "சர்நேம்?" என்றார். இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சொன்னேன். அதில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த கேள்வி, "அப்பா என்ன பண்றார்?" லெதர் என்றேன். "ஓ, லெதர் எக்ஸ்போர்ட்டா?" என்று முகம் மலர்ந்தது. இல்லை சார், டேனரியில் தொழிலாளி என்றேன். அதற்குப் பிறகு அந்தச் சந்திப்பு எட்டு நிமிடம் நடந்தது.

இதைக் கேட்டு யாரும் மனம் உடைய வேண்டாம். இந்த அனுபவம் நம் எல்லோருக்கும் முன்னால் பாபாசாகேபுக்கு வந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு பம்பாய் திரும்பியவர், பேராசிரியர் வேலைக்குப் போவதற்கு முன் முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றை நடத்திப் பார்த்தார். ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய நூலை வெளியிட்ட அதே மனிதர்தான்.

"இதெல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இன்னொன்று 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்தது. 1,000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களைப் பார்த்ததில் 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5 விழுக்காடு.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த எல்லா மறுப்பும் சாதியால் வந்ததல்ல. வென்ச்சர் கேபிடல் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் நான் ஆறு மாதம் வீணாக அலைந்தேன். நிதியை நடத்துபவர் போடுவது பெரும்பாலும் பிறர் பணம். பத்து வருடத்துக்குள் அதைப் பல மடங்காக்கித் திருப்பித் தர வேண்டும். போடும் கம்பெனிகளில் பெரும்பாலானவை படுத்துவிடும் என்று அவருக்கே தெரியும். ஆகவே ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு மடங்கு ஆகக்கூடியதா என்றுதான் பார்ப்பார். வருடம் இரண்டு கோடி விற்று ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி நல்ல தொழில். அவருக்கு அது வேண்டாம். ஆம்பூருக்கு மட்டும் என்று நான் போய் நின்றபோது ஒருவர் பொறுமையாக இதை விளக்கி அனுப்பினார். பிறகுதான் ஆக்ராவையும் கான்பூரையும் திருப்பூர்ப் பின்னலாடையையும் சேர்த்துத் திட்டத்தைத் திரும்ப எழுதினோம். உங்கள் தொழில் அந்தக் கணக்குக்குள் வராது என்றால் வென்ச்சர் பணத்தின் பின்னால் போகாதீர்கள். 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் அதைவிட நல்லது.

போகலாம் என்று முடிவு செய்தால், முதலில் கேட்க வேண்டியது அந்த நிதிக்கு எத்தனை வயது என்று. எட்டாவது வருடத்தில் இருக்கும் நிதி புதிய கம்பெனிக்குப் பணம் போடாது. சும்மா சந்தித்துத் தகவல் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் பணம் போட்டுத் தோற்றுப்போன கம்பெனிக்காரர் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள், ஜெயித்தவர் உண்மை சொல்லமாட்டார். முதலீடு வாங்கித் தருகிறேன், முன்பணம் ஐம்பதாயிரம் கொடு என்பவரைத் திரும்பியே பார்க்காதீர்கள். நான் கொடுத்தேன். அதுவும் அம்மா நகைப் பணம்.

பிறர் பணம் என்றேனே, அது யார் பணம்? செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவாக இப்படிப்பட்ட ஒரு நிதியில் ஒருவர் பணம் போட வேண்டுமானால் குறைந்தது 1 கோடி போட வேண்டும். சிறு சேமிப்புக்காரரைக் காப்பாற்றத்தான் அந்த விதி, அதன் நியாயம் புரிகிறது. விளைவு என்னவென்றால், வாசலின் இரண்டு பக்கமும் ஒரே வகை ஆட்கள் நிற்கிறார்கள்.

அதனால்தான் அரசு நிதி முக்கியம். ஒன்றிய அரசு 2014-15 நிதிநிலை அறிக்கையில் 200 கோடி அறிவித்துப் பட்டியல் சாதியினருக்கான வென்ச்சர் கேபிடல் நிதியை 2015 ஜனவரியில் தொடங்கியது. தமிழ்நாடு 2022இல் பட்டியல் சாதி, பழங்குடி ஸ்டார்ட்அப்புகளுக்கென்று 30 கோடியில் ஒரு நிதி அறிவித்தது. அடுத்த வருடம் அது 50 கோடி ஆனது. அது கடன் இல்லை, பங்கு முதலீடு. டான்சீட் திட்டத்தில் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை தருகிறார்கள். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி என்று 2021இல் ஒன்று தொடங்கினார்கள், மாதிரி உருவாக்க 20 லட்சம் வரை மானியம் கொடுத்தார்கள். ஆனால் கம்பெனி பதிவு செய்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நான் அந்தத் தேதியைத் தெரியாமலே தாண்டவிட்டேன். சொல்ல யாரும் இல்லை.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ஒன்றிய அரசின் அந்த நிதிக்குத் தகுதி பெற, கம்பெனியின் 51 விழுக்காடாவது பட்டியல் சாதியினர் கையில் இருக்க வேண்டும். வென்ச்சர் பாதையோ ஒவ்வொரு சுற்றிலும் பங்கைக் கொடுத்துக்கொண்டே போவது. எங்கள் கம்பெனியில் எனக்கு 60, கூட்டாளிக்கு 40. ஒரு ஏஞ்சல் முதலீட்டாளருக்கு 10 விழுக்காடு கொடுத்தால் என் பங்கு 54. அடுத்த சுற்றில் 20 கொடுத்தால் 43.2. கோட்டுக்குக் கீழே போய்விட்டேன். கம்பெனி அதேதான், உழைப்பும் அதேதான். ஆகவே எந்தக் கதவை முதலில் தட்டுவது என்ற வரிசை முக்கியம். பங்கு கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

தனியாருக்குள்ளேயே நமக்கென்று ஒரு நிதி வைத்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்று கறுப்பினப் பெண்கள் நடத்தும் நிதி இருக்கிறது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் நல்கை கொடுத்தார்கள். 2023இல் அதன் மீது வழக்கு. எந்தச் சட்டத்தில் தெரியுமா? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1866இல் போட்ட குடிமை உரிமைகள் சட்டத்தில். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நல்கைப் போட்டிக்குத் தடை போட்டது, செப்டம்பரில் அவர்கள் அதையே மூடிவிட்டு சமரசம் செய்துகொண்டார்கள். நம் அரசமைப்பில் 15(4), 46 என்று பிரிவுகள் இருக்கின்றன. யார் எழுதியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் கதை நிற்கும் இடத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு ஏஞ்சல் முதலீட்டாளர் 40 லட்சம் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அதே நேரம் மாநில நிதிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் வந்தது. சாதிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். தேர்வானால் படம் செய்தித்தாளில் வரும். ஊரில் என்னைத் தெரியாதவர் இல்லை, பெங்களூரில்தான் தெரியாது. கூட்டாளி சொன்னார், "முதல்ல அவர் பணம் வரட்டும், அப்புறம் இதைப் போடலாம். எதுக்கு ரிஸ்க்?" அவர் கெட்டவர் இல்லை. மூன்று வருடமாக என்னோடு நிற்பவர். அவர் சொன்னது வியாபாரக் கணக்கில் சரி என்றுகூடத் தோன்றியது. இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

பிறகு நான் விண்ணப்பித்தேன். அந்த ஏஞ்சலுக்கும் நானே மின்னஞ்சல் எழுதினேன், இந்த நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இந்தத் தகுதியில் என்று. பின்னால் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொண்டு நான் மறைத்தேன் என்று நினைக்கக் கூடாது. கொஞ்சம் பயமும் இருந்தது, மறைக்கவில்லை என்று பெருமையடிக்க வரவில்லை.

இன்றோடு 11 நாள். பதில் இல்லை. வெளியூர் போயிருக்கலாம். சந்தை சரியில்லை என்று பின்வாங்கியிருக்கலாம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டும் பின்வாங்கியிருக்கலாம். நான் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. கூட்டாளி தினமும் காலையில் "மெயில் வந்துச்சா?" என்று மட்டும் கேட்கிறார், வேறு ஒன்றும் சொல்வதில்லை.

என்னிடம் ஒரு எக்செல் தாள் இருக்கிறது. நான் சந்தித்த 31 முதலீட்டாளர்கள், எந்த நிதி எந்த வருடம் ஆரம்பித்தது, யார் என்ன கேட்டார்கள், யார் மரியாதையாக இல்லை என்று சொன்னார்கள், யார் பதிலே போடவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். நம் ஆட்கள் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன். நீங்களும் போய் வந்தால் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் எதிர் டீக்கடையில் இருப்பேன். பிட்ச் டெக் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.