பள்ளிச் சிறுவரும் பொறுப்பும்

(காஞ்சீபுரம் நெசவாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சங்கங்கள் பலவற்றின் மகாசபையில் காணப்படும் குறை ஒன்றுண்டு. வரவு செலவு வாசிக்கப்படும்பொழுது அனைவரும் மௌனமாயிருக்கின்றனர். கூட்டம் கலைந்து வீதிக்கு வந்த பின்னரே குறை கூறத் தொடங்குகின்றனர். இது பழக்கமின்மையால் விளைவது. 18 வயது நிரம்பியவர் சங்கத்தில் சேரலாம் என்பது சட்டம். ஆனால், கணக்குக் கேட்கும் துணிவும் கணக்குக் காட்டும் ஒழுங்கும் அவ்வயதில் ஒரே நாளில் வந்துவிடமாட்டா. அவற்றை ஆரம்பப் பாடசாலையிலேயே விதைத்தல் அவசியம்.

இவ்வூருக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாஸனங்கள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் வருஷங்களுக்குரியவை. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். சபையார் காண, உள்ளிருப்பதை அறியாத ஒரு பாலன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் அதனை வாங்கி வாசித்தான். ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இங்ஙனமே அமைந்தன. பதவி 360 நாட்களுக்கே. முந்தைய மூன்று வருஷங்களில் வாரியஞ் செய்தவர் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே அவ்வுரிமை இருந்தது என்பது உண்மையே. எனினும், முறை மாறி வருதல், கணக்குக் காட்டுதல் ஆகிய இரண்டும் இன்றும் கொள்ளத்தக்கவை.

சிறுவர்களால் பொறுப்பேற்க இயலுமா என்ற ஐயம் எழலாம். 1789ஆம் வருஷத்தில் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உபாத்தியாயர்கள் இசையவில்லை. ஆகவே, ஏறக்குறைய எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கென் என்ற சிப்பாயின் மகனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைச் செவ்வனே நடத்தினான். 1797இல் பெல் இதுபற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இம்முறை 'சென்னை முறை' என்ற பெயரால் இங்கிலாந்தில் பரவிற்று.

ஆயினும், திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை மறத்தலாகாது. ஒருவனே நெடுநாள் பிரம்பு பிடித்தால் அவன் அதட்டவும், ஏனையோர் அஞ்சவுமே கற்பர். ஆதலின் குடிநீர், தோட்டம், புத்தகங்கள், விளையாட்டுக் கருவிகள் என வேலைகளைப் பிரித்து, மாதந்தோறும் சீட்டுக் குலுக்கி ஒப்படைக்கலாம். ஒருமுறை ஏற்ற பிள்ளை, எல்லோருக்கும் முறை வந்த பின்னரே மீண்டும் ஏற்கவேண்டும். பெண் பிள்ளைகள் பெருக்குவதும் ஆண் பிள்ளைகள் ஏவுவதுமாக அமையலாகாது. கழிப்பறை கழுவுதல் எப்பிள்ளைக்கும் உரிய வேலையன்று. சாதி பார்த்து அதனைச் சுமத்துதல் பெருங்கொடுமை. மாத முடிவில், வெளியே சென்ற புத்தகங்கள் எத்தனை, திரும்பியவை எத்தனை என்று பொறுப்பேற்ற பிள்ளை வகுப்பின் முன் வாசிக்கட்டும். ஒன்று குறைந்தால் அடிக்கலாகாது. ஏனைய பிள்ளைகள் காரணம் கேட்கட்டும், அப்பிள்ளை விடை கூறட்டும். அதுவே சிறியதொரு மகாசபை.

"எங்கள் பிள்ளைகள் தறியிலேயே பொறுப்பைக் கற்றார்கள்" என்று முதியோர் சிலர் கூறுவதுண்டு. கோர்வைப் புடைவையில் கரைப் பக்கத்து நாடாவைச் செலுத்த நெய்பவருக்குத் துணையாள் வேண்டும். முற்காலத்தில் அவ்விடத்தில் பெரும்பாலும் ஒரு சிறுவனே அமர்ந்தான். அவன் உழைத்தான்; ஆனால், கூலி பேசியவன் அவனல்லன்; முன்பணம் வாங்கியவன் அவனல்லன்; கணக்கைக் கண்டவனும் அவனல்லன். ஏவியதைச் செய்தல் வேலை. செய்ததற்கு விடை கூறுதல் பொறுப்பு. முன்னதைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதால் பின்னது வாராது.

2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அங்கத்தினர்களில் பெற்றோராயுள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் தவறாது கேட்கவேண்டியவை இரண்டு: இம்மாதம் எப்பொறுப்பு எப்பிள்ளையிடம் உள்ளது? இன்னும் முறை வராத பிள்ளை யார்?