முகமறிதலும் மனமறிதலும்

 

முகத்தைத் திங்களென்றும் தாமரையென்றும் பாடிக் களித்தவர்கள் நாம். அம்முகத்தைக் கண்டு இன்னாரென அறியும் திறன் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்த்தது என்றும் நம்பி வந்துள்ளோம். அந்நம்பிக்கை பிழையானது என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

என் மாணவி ஒருத்தி வகுப்பில் பணிவே உருவானவள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டாலோ, பாராதவள்போல் கடந்து செல்வாள். 'செருக்கு' என்று நானே தீர்ப்பெழுதினேன். ஒருநாள் அவ்வாறு சென்றவளைப் பெயர் சொல்லி அழைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பியவள், "மன்னியுங்கள் அம்மா, குரல் கேட்டால்தான் எனக்கு ஆள் தெரியும்" என்றாள். அன்று தலைகுனிந்தவள் நான்.

1947ஆம் ஆண்டில் செருமானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போதாமர் இக்குறையை விரித்துரைத்து, முகம், அறியாமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். தலையில் குண்டடிபட்ட இளைஞர் ஒருவர் உற்றார் முகத்தையும், கண்ணாடியில் தம் முகத்தையும் அறியமாட்டாதவரானார். குரலாலும் நடையாலுமே பிறரை உணர்ந்தார். காயம் ஏதுமின்றி இயல்பிலேயே இக்குறை உடையோரும் உளர். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்சு அவர்களுள் ஒருவர். கண்ணாடியில் தெரிந்த தம் உருவத்தையே வேறொருவரெனக் கருதி மன்னிப்புக் கேட்டதை 2010இல் அவரே எழுதினார்.

மறுகோடியில் நிற்போரும் உளர். சிறுபொழுதே கண்ட முகத்தைப் பல்லாண்டு கழித்தும் அடையாளம் காண்போரைப் பற்றி 2009இல் ஆய்வொன்று வெளிவந்தது. இவ்விரு கோடிகளுக்கும் இடையே நாம் ஏற்றத்தாழ்வோடு நிற்கிறோம். 2010இல் இரட்டையரை ஆராய்ந்தோர், இத்திறன் பெரிதும் மரபுவழி வருவது என்றும், சொற்களை நினைவிற்கொள்ளும் ஆற்றலோடு இதற்குள்ள தொடர்பு சிறிதே என்றும் கண்டனர். ஆயிரம் பாடல்களை நெஞ்சில் தேக்கிய புலவர் அண்டைவீட்டார் முகத்தை அறியாதிருக்கலாம். அஃது அன்பின்மையும் அன்று, ஆணவமும் அன்று.

துஷ்யந்தன் சகுந்தலையை அறியாது போனமைக்கு முனிவரின் சாபத்தைக் காரணமாக்கினார் காளிதாசர். அங்கே அவள் முகம் உதவவில்லை, கணையாழியே சான்றாயிற்று. சாபம் ஏதுமின்றியே நம்மிடையே சிலர் அந்நிலையில் வாழ்கின்றனர்.

பத்தாண்டுகளாகக் கூடிவரும் இவ்வட்டத்தினர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஒருவரை எதிர்கொள்ளும்போது, "என்னைத் தெரிகிறதா?" என்று சோதிக்க வேண்டா, நம் பெயரை நாமே முதலில் சொல்வோம். நாம் நீட்டும் கணையாழி அதுவே.